தீர்மானப் புத்தகம்

எங்கள் அறக்கட்டளைக்கென்று அலுவலகம் எதுவும் கிடையாது. ஊர்ச் சாவடிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையின் பின்னறையில் ஒரு பச்சை இரும்பு பீரோ உண்டு. பதிவுப் பத்திரம், பான் அட்டை, வருமானவரிச் சான்றிதழ்கள், ரசீதுக் கட்டு, காசோலைப் புத்தகம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆறு கடப்பாரைகளும் பன்னிரண்டு மண்வெட்டிகளும் பீரோவுக்குள் அடங்காதவை என்பதால் அதன் முதுகில் சாத்திவைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலடுக்கில் காலிகோ அட்டையிட்ட தீர்மானப் புத்தகம் இருக்கிறது. முதற்பக்கத்திலிருந்து இன்றுவரை அதில் இருப்பது என்னுடைய கையெழுத்து.

சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிக்குச் சில மைல் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரே ஒரு கண்மாய். ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்குக் குறைவு; ஆகவே பொதுப்பணித் துறையின் பார்வைக்கு வராமல் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் கிடப்பது. 2009-இல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முயன்று, அந்தக் கண்மாயையும் அதன் வரத்துக்கால்களையும் அதில் வந்து தங்கும் பறவைகளையும் காப்பதற்கென ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார். அறங்காவலர்கள் ஏழு பேர். சார், மருந்துக்கடைக்காரர், மதுரையில் தொழில் செய்யும் வழக்கறிஞர், ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், மகளிர் குழுவின் தலைவி, கண்மாயின் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர், கடைசியாக நான். என்னை எதற்காகச் சேர்த்தார் என்று ஒருமுறை சாரிடம் கேட்டேன். "நீங்கதான் நல்ல தமிழ் எழுதுவீங்களே" என்றார். அதுவரை மூன்று சிற்றிதழ்களில் என் கவிதைகள் வந்திருந்தன. அவர் அவற்றைப் படித்திருந்தார் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாதம் ஒரு ஞாயிறு. மதுரையிலிருந்து பேருந்தில் போய்த் திரும்புவேன். சம்பளம் கிடையாது, படி கிடையாது, பேருந்துக் கட்டணமும் கைக்காசு. சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல. சந்தா வராத மாதத்தில் ஆசிரியரின் மனைவியுடைய நகை அடகுக்கடைக்குப் போவதுபோல, எங்களுக்கும் ஒரு மடை உடைந்த மாதத்தில் சாரின் ஓய்வூதியம் போயிருக்கிறது. வேறுபாடு ஒன்றே. சிற்றிதழை எந்த இதழோடும் நிறுத்திக்கொள்ளலாம்.

அறங்காவலர் பதவி அப்படியல்ல என்பதை வழக்கறிஞர்தான் சொன்னார். 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தை அவர் எப்போதும் பையில் வைத்திருப்பார். அது தனியார் அறக்கட்டளைகளுக்கான சட்டம். எங்களைப் போன்ற பொது அறக்கட்டளைகளை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் அதன் கோட்பாடுகளைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறார்கள் என்பார். அதன் பதினைந்தாம் பிரிவு, விவேகமுள்ள ஒரு சாதாரண மனிதன் தன் சொந்தச் சொத்தை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வானோ அவ்வளவு கவனத்தை அறங்காவலரிடம் எதிர்பார்க்கிறது. நாற்பத்தாறாம் பிரிவின்படி, ஒருமுறை ஏற்றுக்கொண்டால் நினைத்தபோது துறந்துவிட முடியாது. நாற்பத்தேழின்படி, பொறுப்பைப் பிறர் தலையில் கட்டவும் கூடாது. நாற்பத்தெட்டு, ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் எல்லோரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்கிறது. தேநீருக்கிடையே அவர் இவற்றை வாசித்துக்காட்ட, நான் சொற்களின் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பிடித்திருந்தது 'அறங்காவலர்' என்ற சொல். தர்மகர்த்தா என்றால் தருமத்தைச் செய்பவன். அறங்காவலர் என்றால் காப்பவர். செய்வதிலிருந்து காப்பதற்கு நகர்ந்த இந்த மொழிபெயர்ப்பில் ஏதோ பெரிய பண்பாட்டு நுட்பம் இருப்பதாகக் கட்டுரை ஒன்றுகூட எழுதத் தொடங்கினேன். நல்லவேளையாக முடிக்கவில்லை.

அந்தக் கட்டுரைக்காகத்தான் உத்திரமேரூர் போனேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்டவை. குடவோலை முறைக்காக அவற்றை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு உவப்பாக இருந்தது ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி ஓலை இடப்படத் தகுதியற்றவர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏரிக்கு ஆறு பேர், எங்கள் கண்மாய்க்கு ஏழு பேர் என்று மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கல்வெட்டிலேயே தகுதிகளும் உண்டு: கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. எங்கள் நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் அந்த வாரியத்தின் வாசற்படியைக்கூட மிதித்திருக்க முடியாது. கண்மாயின் எந்த மடையை எத்தனை விரற்கடை திறந்தால் எந்த வயலுக்கு எப்போது நீர் போய்ச் சேரும் என்பது ஊரில் அவர் ஒருவருக்கே முழுதும் தெரியும். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பத்திரத்தில் அவர் வைத்தது இடதுகைப் பெருவிரல் ரேகை. எங்கள் வாரியம் பராந்தகன் வாரியத்தைவிட மேலானது என்ற பெருமிதம் எனக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதே நாட்களில்தான் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவை ஒட்டித் தென்மாவட்டங்கள் எங்கும் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கும் வேகம் பரவியது. 1877 வாக்கில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மெக்சிகோ பக்கத்து மரம் அது. எங்கள் கண்மாயின் உட்பரப்பில் பாதியை அடைத்திருந்தது. அந்த மாதக் கூட்டத்தில் பேசினோம். வேளாண் அலுவலர் சற்றுத் தயங்கினார். மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த மரத்திலும் பறவைகள் கூடு கட்டத்தான் செய்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். கடைசியில் பேசியவர் பெரியவர். "வேலிக்கருவை இருக்கிறவரைக்கும் உள்ள தண்ணி நிக்காது தம்பி. அதை வேரோட புடுங்கிரணும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் யாரும் சீமைக்கருவேலம் என்று சொல்வதில்லை. வேலிக்கருவை என்பார்கள், அவசரத்துக்கு வெறும் கருவை. மற்றது நாட்டுக்கருவை. 1980-களில் சுவீடன் நாட்டு உதவியுடன் நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழகத்தின் ஏரிகளிலும் கண்மாய்களிலும் நட்டது இந்த நாட்டுக்கருவையைத்தான். மாதக்கணக்கில் நீருக்குள் நின்றாலும் அழுகாத மரம். எங்கள் கண்மாயின் நடுவிலும் ஒரு தோப்பு நின்றது. நீர் நிறைந்த ஆண்டுகளில் வேட்டங்குடியில் இடம் போதாத பறவைகள் இங்கே வரும். நத்தைக்குத்தி நாரை, வக்கா, உண்ணிக்கொக்கு, அரிவாள்மூக்கன். சுற்றிலும் நீர், கிளையெல்லாம் முள். பூனையும் ஏறாது, பையன்களும் ஏறமாட்டார்கள். எச்சம் விழுந்த நீர் பாயும் வயலுக்கு உரம் குறைத்துப் போட்டால் போதும் என்பது ஊரறிந்த கணக்கு. பக்கத்திலிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவைகள் மிரளும் என்று. அந்த ஊரார் எந்தப் பத்திரமும் பதிவு செய்துகொள்ளாமல் தலைமுறையாக அப்படி இருக்கிறார்கள்.

கூட்டத்தின் குறிப்புகளைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். வழக்கமாகவே அப்படித்தான். மதுரை வருவதற்குள் தீர்மானங்களை நல்ல தமிழில் மனத்துக்குள் அமைத்துக்கொள்வேன். வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தில் எழுதுவேன். பிறகு மருந்துக்கடையில் கொடுத்தால் அவரவர் வரும்போது கையெழுத்திடுவார்கள். 'வேலிக்கருவை' என்ற சொல் எனக்குக் கொச்சையாகப் பட்டது. தீர்மானத்தில் அது வரக்கூடாது. இவ்வாறு எழுதினேன்: 'கண்மாயின் உட்பரப்பை ஆக்கிரமித்துள்ள கருவேல மரங்கள் அனைத்தையும் வேருடன் அகற்றுவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' வாக்கியத்தின் ஓசை நன்றாக இருந்தது. 'சீமை' விட்டுப்போனது என் கண்ணில் படவில்லை. ஒருவேளை பட்டிருந்தாலும், பேசியது எதைப் பற்றி என்று எல்லோருக்கும் தெரியும்தானே என்று கடந்துபோயிருப்பேன்.

ஆறு பேரும் கையெழுத்திட்டார்கள். பெரியவர் ரேகை வைத்தார். தீர்மானத்தின் நகலை மனுவுடன் இணைத்துக் கொடுத்தோம். வந்த அனுமதிக் கடிதம் எங்கள் வாசகத்தையே அப்படியே எடுத்து எழுதியிருந்தது. அதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சிகூட ஏற்பட்டது.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மகளிர் குழுத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, வேலிக்கருவையோட சேத்து நாட்டுக்கருவையையும் வெட்டுறாங்க. கேட்டா காயிதத்தைக் காட்டுறாங்க. காயிதத்துல உங்க எழுத்துதான் இருக்கு."

நூறுநாள் வேலைக்குப் போயிருந்த பெண்கள்தான் முதலில் பார்த்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்ட பிறகுதான் அது நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் எண்ணினேன். 43 மரங்கள். வெட்டு எடுத்தவரைக் குறை சொல்ல முடியவில்லை. வேலிக்கருவை விறகுக்கும் கரிக்கும் மட்டும்தான் ஆகும். நாட்டுக்கருவை கலப்பைக்கும் வண்டிக்கும் ஆகும், விலை கூடுதல். அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும்தான். ஆனால் அவர் கையில் இருந்த தாளில் வித்தியாசம் இல்லை. 'அனைத்தையும்' என்ற சொல் வேறு இருந்தது.

பெரியவர் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வெகுநேரம் கழித்து, "நான் சொன்னது ஒண்ணு, நீங்க எழுதுனது ஒண்ணா தம்பி?" என்றார். நான் ஏதோ விளக்கத் தொடங்கினேன்: கருவேலம் என்பது பொதுச்சொல், சீமை என்பது அடைமொழி என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எழுதுனதை எனக்கு வாசிச்சுக் காட்டலையே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. தான் கேட்டிராத ஒரு வாக்கியத்தின் கீழ் அவருடைய பெருவிரல் இருந்தது. வைத்தது அவர். வைக்கவைத்தது நான். எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு தீர்மானத்திலும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த கூட்டத்தில் விலகல் கடிதம் கொடுத்தேன். வழக்கறிஞர் நாற்பத்தாறாம் பிரிவை நினைவூட்டினார். எங்கள் பத்திரத்தில் விலகுவதற்கென்று தனி விதி எதுவும் எழுதப்படவில்லை என்றும் சொன்னார். சார் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு நான்காக மடித்து மேசையின் ஆடும் காலுக்கு அடியில் வைத்தார். அவர் அதை வேடிக்கைக்குச் செய்யவில்லை, மேசை உண்மையாகவே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு, தவறு இன்னதென்று தீர்மானமாக எழுதச் சொன்னார். எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய உரைநடையிலேயே அலங்காரம் இல்லாத பக்கம் அதுதான். எழுதியதை அங்கேயே உரக்கப் படித்தேன். பெரியவர் இரண்டு இடங்களில் நிறுத்தினார். 'அகற்றப்பட்டன' என்று இருந்ததை 'வெட்டிப்போட்டோம்' என்று மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகுதான் ரேகை வைத்தார்.

வெட்டியபோது கண்மாய் வறண்டிருந்ததால் கூடு எதுவும் விழவில்லை, குஞ்சு எதுவும் சாகவில்லை. அதைச் சொல்லி நண்பர்கள் என்னைத் தேற்றினார்கள். அடுத்து கண்மாய் நிறைந்த ஆண்டில் நத்தைக்குத்தி நாரைகள் வந்தன. நான் கரையில் இருந்தேன். முப்பது நாற்பது இருக்கும். தோப்பு இருந்த இடத்துக்கு மேலே மூன்று நாட்கள் சுற்றின. எஞ்சியிருந்த மரங்களில் சில உட்கார்ந்து பார்த்தன. நான்காம் நாள் காலையில் எதுவும் இல்லை.

மறுநடவுக்குப் பெரியவர்தான் வழி சொன்னார். நாட்டுக்கருவை விதையை அப்படியே ஊன்றினால் முளைப்பது அரிது. நெற்றைத் தின்ற ஆட்டின் வயிற்றில் ஊறி வெளிவந்த விதை சீக்கிரம் முளைக்கும். கிடை போட்டிருந்த இடத்தில் அவரும் அவர் மருமகளும் பொறுக்கிச் சேர்த்த விதைகள்தான் எல்லாம். கண்மாய்க்குள் மண்திட்டுகள் போட்டுக் கன்றுகளை வைத்தோம். ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றிலும் முள்வேலி. முள்ளுக்கு எங்கே போவது? பிடுங்கிப்போட்ட வேலிக்கருவைதான். இதைச் சொல்லிப் பெரியவர் சிரித்தார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் என்னிடம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

2021-இல் அவர் காலமானார். அந்த ஆண்டுதான் வருமானவரிப் பதிவுகளை எல்லா அறக்கட்டளைகளும் புதிதாக விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. காலக்கெடு தள்ளித் தள்ளிப் போனது. மருந்துக்கடைக்காரர் கணினி மையத்துக்கும் தணிக்கையாளருக்கும் அலைந்தார். அந்த விண்ணப்பத்தில் அறங்காவலர் பட்டியலை நிரப்பும்போது பெரியவர் பெயரை நீக்கி அவர் மருமகள் பெயரைச் சேர்த்தோம். எட்டாம் வகுப்புவரை படித்தவர், ஆடு வைத்திருக்கிறார். இப்போது எந்தத் தீர்மானமும் பேசிய அன்றே எழுதப்படுகிறது. எழுதியதை நான் படிக்கிறேன். படித்து முடித்து யாரும் எதுவும் கேட்கவில்லையென்றால் அவரே, "இன்னொரு வாட்டி படிங்கண்ணே" என்பார். கூட்டம் இரண்டு மணிநேரத்திலிருந்து நான்கு மணிநேரமாகிவிட்டது. வழக்கறிஞருக்கு இதில் சலிப்பு உண்டு.

அவர் வந்த மறுஆண்டு ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து எங்களுக்குப் பெருந்தொகை தர முன்வந்தது. கரையைச் சுற்றிக் கல் பதித்த நடைபாதை, இருக்கைகள், விளக்குகள், நுழைவாயிலில் பெயர்ப்பலகை. அந்தப் பணத்தில் ஒரு பங்கை வைத்தே மூன்று வரத்துக்கால்களையும் தூர்வாரிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மருமகள் கேட்டது ஒரே கேள்வி: "சுத்திக் கல்லு பதிச்சா ஆடு எந்தப் பக்கமா இறங்கித் தண்ணி குடிக்கும்?" வந்திருந்த அதிகாரியிடம் பதில் இல்லை. வேளாண் அலுவலர், விளக்கு வெளிச்சத்தில் பறவைகள் அடையுமா என்று சேர்த்துக் கேட்டார். நான்குக்கு மூன்று என்று வேண்டாமென முடிவாயிற்று. அந்த மூன்றில் நானும் ஒருவன். இன்றும் அந்த வரத்துக்கால்களில் ஒன்று அடைந்துதான் கிடக்கிறது. மழைக்காலத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். எதிர்த்தவர்கள் மூவர் என்பதையும் எழுதினேன்.

திட்டுகளில் வைத்த கன்றுகளில் பாதிக்குமேல் பிழைத்திருக்கின்றன. முதலில் வைத்தவை இப்போது இரண்டாள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கிளைவிட்டு நிற்கின்றன. சென்ற தை மாதம் கரையிலிருந்து இருநோக்கியில் பார்த்து, மூன்று திட்டுகளில் பதினொரு கூடுகள் எண்ணினேன். அன்று பிற்பகல் கூட்டத்தில், 'கண்மாயின் நடுத்திட்டுகளில் வக்காக்கள் 11 கூடுகள் கட்டியுள்ளன எனப் பதிவு செய்யப்படுகிறது' என்று எழுதிப் படித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் தேநீர் சொல்லப் போனார்.

"இன்னொரு வாட்டி படிங்கண்ணே."

படித்தேன்.

"வக்காதானாண்ணே? நான் காலையில ஆட்டை ஓட்டிட்டுப் போகையில பாத்தேன். தெக்குத் திட்டுல இருக்கிறது மடையான் மாதிரியில்ல இருந்துச்சு."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டு, போய்ப் பார்த்து வந்து எழுதுகிறேன் என்றேன்.